கேக் மிக்ஸ் சரியாக வரவில்லையா? குறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

கேக் மிக்ஸ் பெட்டிக்குள் இருப்பது ஏற்கெனவே கணக்குப் போட்டு அளந்து வைத்த கலவை. மாவு, சர்க்கரை, பேக்கிங் பவுடர், ஸ்டார்ச், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் எமல்சிஃபயர் என்று ஒவ்வொன்றும் மற்றதைப் பார்த்துச் சேர்த்தது. கேக் சரியாக வராவிட்டால் நம்மில் பலர் முதலில் தேடுவது பேக்கிங் பவுடர் டப்பாவைத்தான். அதை விடுங்கள். பெரும்பாலும் குறை அந்தப் பொடியில் இருக்காது. நாம் ஊற்றுகிற முட்டை, கொழுப்பு, திரவம் இந்த மூன்றில் இருக்கும், இல்லையென்றால் அடுப்புச் சூட்டில் இருக்கும். இவற்றைத் திருத்தத் தேவையான சாமான் எல்லாம் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் ஜோகனஸ்பர்கிலும் எந்தத் தமிழ் வீட்டு அலமாரியிலும் இருக்கும்: மாஸ் என்ற கெட்டியான புளித்த பால், ஐடியல் பால் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த டின் பால்), காபித்தூள், ஏலக்காய், எலுமிச்சை, உப்பு.

கீழே சொல்லும் அளவுகள் 430 முதல் 500 கிராம் வரை உள்ள ஒரு பெட்டிக்கு. கப் என்றால் இந்த ஊர் 250 மில்லி கப், டேபிள்ஸ்பூன் 15 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நாலு மாற்றத்தை ஒன்றாகச் செய்துவிட்டு கேக் நன்றாக வந்தால்கூட எது வேலை செய்தது என்று தெரியாது.

கேக் வறண்டு, வெட்டினால் தூளாக உதிர்கிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். எது என்று பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது.

முதலில் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் கெட்டியாகக் கருத்து, நடு மட்டும் சுமாராக இருந்தால் கேக் அடுப்பில் அதிக நேரம் இருந்துவிட்டது. பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஏழெட்டு நிமிடம் முன்பே குச்சி விட்டுப் பார்க்கத் தொடங்குங்கள். குச்சி சுத்தமாக வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஈரமான இரண்டு மூன்று துணுக்கு ஒட்டி வந்தால் அதுவே பதம். வெளியே எடுத்த பிறகும் டின்னின் சூட்டில் கேக் கொஞ்ச நேரம் வேகும்.

கேக் முழுக்க ஒரே மாதிரி வறட்சியாக இருந்தால் திரவத்தையும் கொழுப்பையும் பார்க்க வேண்டும். பெட்டி தண்ணீர் ஊற்றச் சொல்கிறது, தண்ணீரில் கொழுப்பும் இல்லை, புரதமும் இல்லை. அதற்குப் பதில் முழுப் பால் ஊற்றலாம். அதைவிட நல்லது, பாதி ஐடியல் பால், பாதி தண்ணீர். இன்னும் மென்மையாக வேண்டும் என்றால் பாதித் தண்ணீருக்குப் பதில் மாஸ். டர்பனில் எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும் இந்தப் புளித்த பால் கேக்குக்குப் பெரிய வரம். அதிலுள்ள புளிப்பு மாவின் பசைத்தன்மையைத் தளர்த்துகிறது, அதன் கெட்டித்தன்மையால் ஈரம் உள்ளேயே தங்குகிறது. தண்ணீர் முழுவதையும் மாஸாக மாற்றினால் மட்டும் கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி என்றால் அதுகூட வேண்டாம். கடையில் மாஸ் தீர்ந்துவிட்டதா? வீட்டுத் தயிரைக் கொஞ்சம் பால் விட்டு அடித்து அதே அளவில் ஊற்றுங்கள். ரொம்பப் புளித்த தயிர் மட்டும் வேண்டாம்.

இதுவும் போதாவிட்டால் அடுத்த தடவை ஒரு முட்டை மஞ்சள் கரு கூடுதலாகப் போடுங்கள். வெள்ளைக் கருவையும் சேர்த்துப் போடாதீர்கள். வெள்ளைக் கரு கேக்கை நிமிர்த்திப் பிடிக்கும், கூடவே வறட்சியையும் தரும். இரண்டு டேபிள்ஸ்பூன் மயோனைஸ் போடுகிறவர்களும் உண்டு. அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், அதில் இருப்பது எண்ணெய், முட்டை, வினிகர்தான், வெந்த பிறகு வாசனை தெரியாது. பூண்டோ கடுகோ தூக்கலாக உள்ள வகையை மட்டும் தவிருங்கள்.

மூன்றாவது காரணத்தை யாரும் யோசிப்பதில்லை. எண்ணெய்க்குப் பதில் டப்பா மார்ஜரின் போட்டிருப்பார்கள். ரொட்டியில் தடவ விற்கும் மென்மையான டப்பா வகைகளில் பலவற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கொழுப்பு, மீதி தண்ணீர். கட்டியாக, காகிதம் சுற்றி வரும் மார்ஜரினும் வெண்ணெயும் வேறு, வெண்ணெயில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு உண்டு. டப்பாவின் பக்கவாட்டில் கொழுப்புச் சதவீதம் அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். வெண்ணெய் வாசனைக்கு நல்லது, ஆனால் ஃபிரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் கேக் இறுகும், எண்ணெய் கேக் மெத்தென்றே இருக்கும். கிரீம் பூசி ஃபிரிட்ஜில் வைக்கப் போகிறீர்கள் என்றால் எண்ணெயே போடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் பாதி எண்ணெய், பாதி உருக்கிய வெண்ணெய். நான் வீட்டில் செய்வது இந்தப் பாதிக்குப் பாதிதான்.

தேங்காய்த்தூள் சேர்த்த பிறகு வறண்டதா? உலர்ந்த தேங்காய்த்தூள் ஈரத்தைக் குடித்துவிடும். அரை கப் சேர்த்தால் 60 மில்லி பால் கூடுதலாக ஊற்றி, மாவைப் பத்து நிமிடம் ஊறவிட்டு டின்னில் ஊற்றுங்கள்.

ஏற்கெனவே வெந்து வறண்டுபோன கேக்கைத் தூக்கிப் போட வேண்டாம். சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்க வைத்து, கேக் சூடாக இருக்கும்போதே மேலெல்லாம் குச்சியால் குத்தி, பாகைத் தூரிகையால் தடவுங்கள். தண்ணீருக்குப் பதில் கடுமையாகப் போட்ட ரூய்போஸ் டீயில் (இந்த ஊர்ச் செந்நிற மூலிகை டீ) பாகு வைத்தால் தனி மணம். அதற்கும் மசியாவிட்டால் துண்டு போட்டுக் கஸ்டர்டும் ஜெல்லியும் அடுக்கி ட்ரைஃபிள் ஆக்கிவிடுங்கள்.

நடுவில் குழி விழுகிறது

இங்கே முதல் கேள்வி: நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்?

டர்பனில் கல்யாணமாகி ஜோகனஸ்பர்க் போன என் தம்பி மனைவி ஒரு நாள் போனில், “அண்ணி, அதே பெட்டி, அதே டின், அதே முட்டை. உங்க வீட்ல உப்பி வந்தது, இங்க நடுவுல குளம் வெட்டின மாதிரி இருக்கு” என்றாள். “அடுப்பு மேல பழி போடாதேம்மா, ஊர் உயரம்தான்” என்றேன்.

டர்பன் கடலோரம். ஜோகனஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயுவை அமுக்கி வைக்க ஆள் இல்லாததால் குமிழ்கள் சீக்கிரம் பெருத்துவிடும். மாவு வெந்து இறுகும் முன்பே குமிழ் உடைந்து நடு அமுங்கிவிடுகிறது. இன்னொன்று, அங்கே தண்ணீர் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதனால் ஈரம் வேகமாக ஆவியாகும், கேக் வேகவும் தாமதமாகும்.

அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டிகள் பலவற்றில் 3500 அடிக்கு மேல் உள்ள ஊர்களுக்கு என்று தனிக் குறிப்பு போட்டிருக்கும். ஜோகனஸ்பர்க் 5700 அடிக்கும் மேல். பெட்டியைத் திருப்பி அந்தச் சின்ன எழுத்தைத் தேடுங்கள். குறிப்பு இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள்: இரண்டு டேபிள்ஸ்பூன் சாதாரணக் கேக் மாவு, இரண்டு டேபிள்ஸ்பூன் பால், ஒரு முழு முட்டை மூன்றையும் கூடுதலாகச் சேருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்று சொன்னதற்கு இது மட்டும் விலக்கு, இவை மூன்றும் சேர்ந்துதான் ஒரு மருந்து. அடுப்பை 10 டிகிரி கூட்டுங்கள், அப்போதுதான் குமிழ் உடைவதற்குள் மாவு இறுகும். டின்னில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். கூடுதல் மாவு போட்ட பிறகு மெஷினில் நெடுநேரம் அடிக்கக் கூடாது, கையாலேயே கலந்து விடுங்கள். பேக்கிங் பவுடரைக் கூட்டுவதுதான் இந்த இடத்தில் செய்யவே கூடாத காரியம்.

சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. டர்பனில் கேக்கின் நடுச் சூடு 96 முதல் 98 டிகிரி வந்தால் எடுக்கலாம். ஜோகனஸ்பர்கில் அந்த எண்ணுக்காகக் காத்திருந்தால் அது வரவே வராது, கேக்தான் காய்ந்து கட்டையாகும். அங்கே 91, 92 வந்ததும் எடுத்துவிடுங்கள். பிரிட்டோரியா கொஞ்சம் தாழ்வு, ஏறத்தாழ 1350 மீட்டர். அங்கே மேலே சொன்ன கூடுதலில் பாதி போதும்.

சரி, கடலோரத்தில் இருந்துகொண்டே குழி விழுகிறதா? அப்படியானால் காரணம் எளிது. குழியை வெட்டிப் பாருங்கள். உள்ளே பளபளவென்று ஈரமாக, மாவாக இருந்தால் வேகவில்லை. நன்றாக வெந்து, துளை துளையாக இருந்தால் இடையில் அடுப்பைத் திறந்திருப்பீர்கள், அல்லது அடுப்பு முழுச் சூடேறும் முன்பே வைத்திருப்பீர்கள். முதல் 20 நிமிடம் கதவைத் தொடாதீர்கள்.

நடுவில் மலைபோல் எழுந்து வெடிக்கிறது

சூடு அதிகம். ஓரம் சட்டென்று இறுகிவிட, நடுவில் இருக்கும் மாவுக்குப் போக வழியில்லாமல் மேலே பிளந்துகொண்டு வருகிறது. விசிறி ஓடும் அடுப்பாக இருந்தால் பெட்டியில் போட்டிருக்கும் சூட்டில் 20 டிகிரி குறையுங்கள். பழைய துண்டு ஒன்றைப் பட்டையாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, டின்னைச் சுற்றிப் பின் குத்திவிட்டால் ஓரம் மெதுவாக வேகும், மேல்பக்கம் சமமாக வரும்.

அடியில் கோந்து மாதிரி ஓர் அடுக்கு

வெட்டினால் மேலே கேக், கீழே விரல் அகலத்துக்கு அல்வா மாதிரி ஓர் அடுக்கு. இது பெரும்பாலும் நம் ஆர்வக்கோளாறால் வருவது. வாழைப்பழம், மாம்பழக்கூழ், இன்ஸ்டன்ட் புட்டிங் பாக்கெட், கண்டென்ஸ்ட் மில்க் என்று நல்ல எண்ணத்தில் சேர்த்துக்கொண்டே போவோம், பெட்டி சொன்ன தண்ணீரையும் குறைக்காமல் ஊற்றுவோம்.

வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். நடுத்தர அளவில் இரண்டு பழம் மசித்துப் போட்டால் தண்ணீரில் 150 மில்லி குறைக்க வேண்டும். மாம்பழக்கூழுக்கும் ஏறத்தாழ அதே கணக்கு. இன்ஸ்டன்ட் புட்டிங் நேர்மாறு, அது ஸ்டார்ச். ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் ஒரு பெட்டிக்கு ஒரு சின்னப் பாக்கெட்டுக்கு மேல் போனால் கேக் கேக்காக இருக்காது. கண்டென்ஸ்ட் மில்க்கைக் கலவையில் சேர்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சர்க்கரை ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது, இன்னும் கூட்டினால் நடு இறுகாது. ஆசையாக இருந்தால் வெந்த கேக்கின் மேல் ஊற்றுங்கள்.

மாவின் பதத்தைக் கண்ணால் பாருங்கள். கரண்டியைத் தூக்கினால் மாவு நாடாவாக விழுந்து, விழுந்த கோடு இரண்டு மூன்று விநாடி மேலே தெரிந்து மறைய வேண்டும். விழுந்ததும் மறைந்தால் தண்ணீர் அதிகம். கட்டியாகப் பொத்தென்று விழுந்தால் குறைவு. இட்லி மாவு பதம் பார்த்துப் பழகிய கைக்கு இது ஒரு தடவையில் பிடிபட்டுவிடும். திராட்சை, முந்திரி எல்லாம் அடியில் போய் உட்காருவதும் மாவு நீர்த்திருப்பதால்தான். தண்ணீருக்குப் பதில் மாஸ் ஊற்றினால் அவை மிதந்தே நிற்கும்.

தித்திப்பு தாங்கவில்லை, ‘பெட்டி வாசனை’ அடிக்கிறது

பல பெட்டிகளில் பொருள் பட்டியலில் முதல் பெயரே சர்க்கரைதான். அந்தச் சர்க்கரையை நாம் பிரித்து எடுக்க முடியாது. ஆனால் நாக்குக்கு அது தெரியும் விதத்தை மாற்றலாம்.

உப்பு கால் டீஸ்பூன். இதைச் செய்யாதவர்கள் இன்றே செய்து பாருங்கள். எனக்கு இதைவிடச் சின்னச் செலவில் பெரிய மாற்றம் தருவது வேறு எதுவும் தெரியாது. வெனிலா பெட்டிக்கு ஒரு எலுமிச்சைத் தோலைத் துருவிப் போடுங்கள், குளிர்காலத்தில் நார்ச்சிப் பழத்தோல் (கமலா ஆரஞ்சு வகை) இன்னும் நன்றாக இருக்கும். தோலைத் துருவும்போது உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி வரக் கூடாது, கசக்கும். துருவலை எண்ணெயில் போட்டு ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் கலவையில் ஊற்றினால் மணம் கேக் முழுக்கப் பரவும். ஏலக்காயும் அப்படித்தான். டர்பன் வீடுகளில் ஏலக்காய் இல்லாத இனிப்பு கிடையாது, ஆனால் தூளை நேராக மாவில் கொட்டிவிடுகிறோம். வெண்ணெயை உருக்கிப் பழுப்பு நிறம் வரும் வரை காய்ச்சி, அந்தச் சூட்டில் புதிதாக இடித்த ஏலத்தூளைப் போட்டு ஆறவிட்டு ஊற்றிப் பாருங்கள். பெட்டியின் செயற்கை வெனிலா வாசனை பின்னுக்குப் போய்விடும். காய்ச்சும்போது வெண்ணெயில் உள்ள தண்ணீர் ஆவியாவதால் இரண்டு டேபிள்ஸ்பூன் பால் கூடுதலாக விட மறக்க வேண்டாம்.

சாக்லேட் பெட்டிக்குக் காபி. தண்ணீருக்குப் பதில் சூடான காபி டிகாக்ஷன் அல்லது இரண்டு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபி கரைத்த வெந்நீர். காபி ருசி தெரியாது, சாக்லேட் ருசிதான் கூடும். சிக்கரி அதிகமாகக் கலந்த தூள் இந்த ஊரில் மலிவாகக் கிடைக்கிறது, அதைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள். கேக்குக்குச் சுத்தமான காபித்தூள் நல்லது. காபியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி முட்டையை வேகவைத்துவிடாதீர்கள், கை பொறுக்கும் சூடு வரட்டும்.

மேலே பூசுவதிலும் சர்க்கரையைக் குறைக்கலாம். ஐசிங் சுகர் மலையாகக் குவிப்பதற்குப் பதில் சர்க்கரை சேர்க்காத கிரீமை அடித்துப் பூசினால் மொத்தத் தித்திப்பும் சமமாகும்.

முட்டை இல்லாமல் செய்தால் உதிர்ந்துபோகிறது

புரட்டாசியிலும் காவடி விரதத்திலும் இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். முட்டையை எடுத்துவிட்டால் கேக்கைக் கட்டிப்பிடிக்கும் புரதம் போய்விடுகிறது. ஆனால் பெட்டிக் கலவையில் எமல்சிஃபயர் இருப்பதால், முட்டையில்லாக் கேக்கை வீட்டு மாவில் செய்வதைவிட இதில் செய்வது சுலபம்.

மூன்று முட்டைக்குப் பதில் 180 மில்லி மாஸ், கால் டீஸ்பூன் சமையல் சோடா. பெட்டி சொன்ன தண்ணீரில் 60 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள். பாலும் வேண்டாம் என்பவர்கள் மூன்று டேபிள்ஸ்பூன் அரைத்த ஆளி விதையை ஒன்பது டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம், வழவழவென்று முட்டை மாதிரியே ஆகும். கேக் கொஞ்சம் நிறமாகவும் கனமாகவும் வரும், சாக்லேட் என்றால் தெரியாது.

முட்டை, எண்ணெய், தண்ணீர் எதுவும் இல்லாமல் பெட்டியில் ஒரு கேன் சோடாவை ஊற்றிச் செய்யும் வழியும் உண்டு. பச்சை கிரீம் சோடா ஊற்றினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்தக் கேக்கில் கொழுப்பும் புரதமும் மிகக் குறைவு. பெரிய டின்னில் செய்தால் எடுக்கும்போதே உடையும், கப் கேக்காக மட்டும் செய்யுங்கள், அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.

எப்படிச் செய்தாலும் முட்டையில்லாக் கேக்கைச் சூட்டோடு கவிழ்க்கக் கூடாது. டின்னிலேயே அரை மணி நேரம் ஆறட்டும். முடிந்தால் முந்தின நாள் இரவே செய்து மூடி வையுங்கள், மறுநாள் கத்திக்கு அழகாக வெட்டக் கொடுக்கும்.

பழைய குறிப்புப்படி செய்தும் சப்பையாக வருகிறது

இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பெட்டியின் எடை. ஒரு காலத்தில் 517 கிராமாக இருந்த அமெரிக்கப் பெட்டிகள் பின்னால் 432 கிராமாகச் சுருங்கின. ‘ஒரு பெட்டி’ என்று எழுதி வைத்த பழைய குறிப்புகளில் இப்போது கலவை குறைவு, ஆனால் திரவம் பழைய அளவு. குறிப்பில் பெட்டிக் கணக்கை விட்டுவிட்டுக் கிராம் கணக்கில் எழுதி வையுங்கள்.

இரண்டு, பொடி செத்திருக்கலாம். டர்பன் கோடைப் புழுக்கத்தில் பிரித்து வைத்த பாக்கெட் ஈரம் இழுத்துக் கட்டிதட்டிவிடும். ஒரு டேபிள்ஸ்பூன் கலவையில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றுங்கள். மேலே நுரை கட்டினால் நல்லது. ஒன்றும் நடக்காவிட்டால், அப்போது மட்டும் ஒரு டீஸ்பூன் புதுப் பேக்கிங் பவுடர் சேர்க்கலாம்.

பாதியில் கரண்ட் போய்விட்டது

2022, 2023 ஆண்டுகளில் லோட் ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) அட்டவணையைப் பார்த்துத்தான் இந்த நாட்டில் எல்லோரும் கேக் வைத்தோம். இப்போதும் மின்சாரம் சொல்லாமல் போகும் நாள் உண்டு.

கேக் 25 நிமிடத்துக்கு மேல் வெந்திருந்தால் அடுப்பைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டிலேயே இன்னும் 20 நிமிடம் விட்டால் பெரும்பாலும் வெந்துவிடும். வைத்துப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தால் காத்திருப்பதில் பயனில்லை. கேஸ் சிலிண்டர் இருந்தால் பெரிய குக்கரில் இரண்டு கப் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்ட் வைத்து, கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. டின்னை மெதுவாக இறக்கிச் சின்னத் தீயில் 35 நிமிடம் கழித்துக் குச்சி விட்டுப் பாருங்கள். மேல்பக்கம் சிவக்காது, ஆனால் கேக் பிழைத்துவிடும்.

மாவைக் கலந்துவிட்டு இன்னும் வைக்கவில்லையா? டின்னோடு மூடி ஃபிரிட்ஜில் தள்ளுங்கள். பேக்கிங் பவுடர் பொதுவாக இரண்டு கட்டமாக வேலை செய்யும். ஈரம் பட்டதும் வரும் வாயுவில் கொஞ்சம் போய்விட்டாலும், சூட்டில் வரவேண்டிய மீதி அப்படியே இருக்கும். கரண்ட் வந்ததும் அடுப்பை முழுதாகச் சூடேற்றி, குளிர்ந்த டின்னையே உள்ளே வைத்து, ஐந்தாறு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். இடையில் மாவைத் திரும்பக் கலக்கினால் மிச்சக் குமிழும் போய்விடும், கரண்டியைத் தொடாதீர்கள்.